காசி டூர் பேக்கேஜ் ரிவியூ: போயிட்டு வந்து ஒம்போது மாசம் கழிச்சு எழுதறேன்

போன வருசம் நவம்பர் கடேசில எங்க வீட்ல இருந்து நாலு பேரு காசிக்குப் போயிட்டு வந்தோமுங்க. நானு, அப்பா, அம்மா, அப்புறம் எங்க அமுச்சி, அதாவது அம்மாவப் பெத்தவங்க, 76 வயசு. திரும்பி வந்து பெருந்துறைல எறக்கிவிட்ட மறுநாளே டூர்காரரு வாட்சப்ல லிங்க் அனுப்பிச்சு "சார் ஒரு ரிவியூ போட்டுருங்க, அஞ்சு ஸ்டார் குடுத்துருங்க"ன்னாரு. நான் போடலைங்க. அன்னிக்கு இருந்த கடுப்புக்கு ஒரு ஸ்டாரே எச்சு. இப்ப ஒம்போது மாசம் ஆச்சு. ஓட்டல் ரிவியூவ கை கழுவிட்டு வந்து எழுதிரலாம், மிக்ஸி ரிவியூவ ஒரு மாசம் அரைச்சுப் பாத்துட்டு எழுதலாம், ஆனா டூருக்கு எப்ப எழுதறதுன்னு எனக்கு இன்னும் புடிபடலைங்க, ஏன்னா டூரு பதினொரு நாள்ல முடிஞ்சுருச்சு, எங்க வீட்ல அது இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது.

கம்பெனி பேரு போடலைங்க. நல்லதும் சொல்லப் போறேன், கெட்டதும் சொல்லப் போறேன், பேரப் போட்டா சண்டைல வந்து நிக்கும். அதுவுமில்லாம நம்ம பக்கம் ஈரோடு, கோபி, காங்கயம், தாராபுரம்னு எந்த ஊருக்குப் போனாலும் செவுத்துல ஒரு காசி ராமேஸ்வரம் நோட்டீசு இருக்கும், அதே கோபுரம் படம், அதே மூணு போன் நம்பரு. நீங்க யாருகிட்ட புக் பண்ணினாலும் நான் சொல்றது கொஞ்சமாச்சும் ஒதவும்.

ஆளுக்கு 26,500 ரூபா. பிரயாக்ராஜ், காசி, கயா, அயோத்தி. போக வர ரயிலு, தங்கறது, மூணு வேளையும் நம்மூரு சாப்பாடு, சமையக்காரங்க கூடவே வருவாங்க, மொத்தம் 40 பேரு. நோட்டீசுல கீழ பெருசா "ராமேஸ்வரம் உட்பட"ன்னு போட்டிருந்தாங்க. அத நெனப்புல வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

மொத ஏமாத்தம் ரயில்லயே ஆரமிச்சுருச்சு. தேர்டு ஏசின்னு சொல்லி காசு வாங்கிட்டு ஏறப் போறப்ப பாத்தா பதினாலு பேருக்கு ஸ்லீப்பரு. எங்க நாலு பேருக்கும் ஏசி வந்துச்சு, ஆனா அமுச்சிக்கு நடு பெர்த்து. 76 வயசு மனுசிய நடு பெர்த்துல எப்படிங்க ஏத்தறது? ஒரு தஞ்சாவூர்க்காரத் தம்பி எறக்கம்பட்டு கீழ் பெர்த்த குடுத்தான், நல்லா இருக்கோணும் அவன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ரயில்வேல 60 வயசு தாண்டின ஆம்பளைங்களுக்கும் 45 தாண்டின பொம்பளைங்களுக்கும் கீழ் பெர்த்துக்குன்னே ஒரு கோட்டா இருக்குதாம், ஆனா டிக்கெட்டுல ஒருத்தரு இல்லீன்னா ரெண்டு பேரு இருந்தாத்தான் அது செல்லும். டூர்காரங்க ஆறு ஆறு பேரா ஒட்டுக்கா ஒரே டிக்கெட்ல போட்டுட்டா அந்த கோட்டா போச்சு. வயசானவங்கள அனுப்பறவங்க இத மட்டுமாச்சும் முன்னாடியே பேசிருங்க, "எங்க அமுச்சிக்கும் அம்மாவுக்கும் தனி டிக்கெட்டா போடுங்க"ன்னு.

காசில போட்ட லாட்ஜு சந்துக்குள்ள மூணாவது மாடி, லிப்ட் கெடையாது. ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்துலயும் அமுச்சி நின்னு "சித்த இரு கண்ணு, சித்த இரு"ன்னு மூச்சு வாங்குச்சு. ரெண்டு நாளா சோறும் எறங்கல. மூணு வேளையும் நம்மூர் சாப்பாடுன்னாங்களே தவிர அது யாரூரு சாப்பாடுன்னு சொல்லல, எல்லாத்துலயும் ஒரே சாம்பார் பொடி வாசம். ரெண்டாவது நாள் ராத்திரி அந்தியூர்ப் பக்கத்துல இருந்து வந்திருந்த ஒரு சமையக்காரப் பையன், இருவது வயசு இருக்குமுங்க, அமுச்சி எலைய அப்படியே மடிச்சு வெச்சத பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போனான். பத்து நிமிசம் கழிச்சு ஒரு எவர்சில்வர் டம்ளர்ல பச்சப்புளி ரசம் கொண்டாந்தான். புளியக் கரைச்சு, சின்ன வெங்காயத்தக் கையாலயே நசுக்கிப் போட்டு, பச்ச மொளகாயி, கொத்தமல்லி, அடுப்புலயே ஏத்தாத ரசம். நம்ம பக்கத்து வீடுகள்ல தோட்டத்துல வேல செஞ்சுட்டு வந்து அவசரத்துக்கு பண்றது. அத சோத்துல ஊத்திப் பெசஞ்சு அமுச்சி ரெண்டு தரம் வாங்கித் தின்னுச்சு. தின்னுட்டு அவன்கிட்ட "உங்கொம்மா பண்ணுவாளா சாமி?"ன்னு கேட்டுச்சு. "ஆமாங்க பாட்டி"ன்னான். அவ்வளவுதான் பழமை, அதாவது பேச்சு.

இந்த ரசத்த நான் ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, இன்னிக்கு அமுச்சிகிட்ட போயி "காசி எப்படி அமுச்சி இருந்துச்சு?"ன்னு யாராச்சும் ஒறம்பரை வந்து கேட்டா, விசுவநாதரு நாலாவதாத்தான் வருவாரு. மொதல்ல அந்தப் பையன்தான் வருவான்.

சாரநாத் கதையும் சொல்லோணும். புத்தரு மொத மொதல்ல உபதேசம் பண்ணின எடம், நம்ம ரூபா நோட்டுல இருக்கற நாலு சிங்கத் தலையோட நெசமான கல்லு அங்க மியூசியத்துலதான் இருக்குது, அசோகரு காலத்துது. எனக்கு அதப் பாக்கோணும்னு சின்ன வயசுல இருந்தே ஆச. எங்கள கூட்டிட்டுப் போனது வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம அந்த மியூசியம் லீவு! வருசம் பூரா இதே வேலையா இருக்கறவங்களுக்கு இது தெரியாதாங்க? கேட்டா "அடுத்த தடவ பாத்துக்கலாம் சார்"ங்கறாரு, என்னமோ நான் பவானிக்குப் போற மாதிரி. ஸ்தூபியச் சுத்தி இருவது நிமிசம், அப்புறம் நேரா பட்டுச்சேலக் கடை, அங்க மூணு மணி நேரம். யாருக்கு கமிசன்னு நான் சொல்லத் தேவையில்ல. எங்கம்மா மட்டும் ரெண்டு சேல எடுத்தாங்க, அது வேற விசயம், நல்ல சேலதான்.

விசுவநாதர் கோயிலுக்குப் போறப்ப போனு, வாட்ச்சு, எதுவும் உள்ள விடமாட்டாங்க, லாக்கர்ல வெச்சுட்டுப் போகோணும். வரிசைல ரெண்டரை மணி நேரம். கைல போன் இல்லாம ரெண்டரை மணி நேரம் நான் கடேசியா எப்ப நின்னேன்னே தெரியல, மொத பத்து நிமிசம் கை தானா பாக்கெட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வருது. அப்புறம் வேற வழியில்லாம அமுச்சிகிட்ட பழமை பேச ஆரமிச்சேன். அப்பத்தான் ஒண்ணு சொல்லுச்சு. எங்க அப்பிச்சி, அதாவது அமுச்சி வீட்டுக்காரரு, நான் பாத்ததே இல்ல, எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி காசிக்குப் போகோணும்னு பருத்தி வித்த காசுல கொஞ்சங்கொஞ்சமா ஒரு டப்பால போட்டு வெச்சிருந்தாராம். அந்த வருசம் மழ பொய்யாப் போச்சு, கெணறு வறண்டுபோச்சு, இருந்த காச எடுத்து போரு போட்டாரு. நானூறு அடி. தண்ணி வரல, வெறும் பொகதான் வந்துச்சு. "அந்தப் பொகையப் பாத்துட்டு உங்கப்பிச்சி சிரிச்சாரு கண்ணு, பாரு புள்ள காசி மேல போகுதுன்னாரு." இத என்ற அம்மாவுக்கே தெரியாது. 50 வருசம் ஆகப்போற கதை, அந்த வரிசைல நின்னதாலதான் வெளிய வந்துச்சு.

இப்ப என் போன்ல காசி போட்டோ 640 இருக்குதுங்க. வந்ததுக்கப்புறம் நான் முழுசா ஒரு தடவகூட பாக்கல. படகுல எடுத்தது, ஆரத்தில எடுத்தது, எல்லாமே ஒரே மாதிரி வெளக்கு வெளக்கா இருக்குது, எது எந்த நாளுன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பேன். போட்டோவே இல்லாத அந்த வரிசைதான் கம்பி கம்பியா நாபகம் இருக்குது, முன்னாடி நின்ன அம்மா கட்டியிருந்த பச்சச் சேல ஓரம் கிழிஞ்சு ஊக்கு குத்தியிருந்தது வரைக்கும். இதப் பத்தி ஒரு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, லிண்டா ஹெங்கல்னு அமெரிக்கால ஒரு சைக்காலஜி புரொபசரு, 2014ல வெளிவந்துச்சு. மியூசியத்துக்கு ஆளுங்கள கூட்டிட்டுப் போயி சில பொருள போட்டோ எடுக்கச் சொன்னாங்க, சிலத சும்மா பாக்கச் சொன்னாங்க. மறுநாளு கேட்டா போட்டோ எடுத்ததுதான் கம்மியா நாபகம் இருந்துச்சாம், கேமரா பாத்துக்கும்னு மண்டை விட்டுருது போல. ஆனா ஒரு பொருளோட ஒரு பகுதிய மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு மட்டும் அந்த மறதி இல்லியாம். ஆரத்திக்கு போன தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறவங்க இத கொஞ்சம் யோசிங்க. நானும் அன்னிக்கு தூக்கித்தான் புடிச்சிருந்தேன்.

வெடியக்கால படகு மட்டும் டூர்காரரு கரெக்டா ஏற்பாடு பண்ணியிருந்தாரு, அதுக்கு முழு மார்க். காசில கங்கை வடக்க பாத்து ஓடுது, படித்துறை எல்லாம் கெழக்க பாத்து இருக்குது, அதனால சூரியன் எந்திரிக்கறப்ப மொத்தக் கரையும் மஞ்சக் காயப்போட்ட களமாட்டம் ஆயிருது. அரிச்சந்திர காட் படித்துறைப் பக்கம் படகு போறப்ப ரெண்டு சிதை எரிஞ்சுட்டு இருந்துச்சு. அதுக்கு இந்தப் பக்கம் ஒருத்தரு பல்லு வெளக்கறாரு, அந்தப் பக்கம் பசங்க குதிச்சு நீச்சலடிக்கறானுங்க. எங்கம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அமுச்சி மட்டும் கண்ணெடுக்காம பாத்துட்டே வந்துச்சு, ஒரு வார்த்த பேசல. லாட்ஜுக்கு வந்தும் பேசல. நான் மனசு சங்கடப்பட்டுருச்சோன்னு வெசனப்பட்டேன், அப்படியில்லைன்னு மார்ச்சு மாசம்தான் தெரிஞ்சுது.

எங்கப்பா கதை வேற. அவரு சின்ன வயசுல இருந்தே கருப்புச் சட்டை, கோயிலுக்கு வந்தா செருப்புக்குக் காவலா வெளிய நிக்கற ஆளு. அம்மா தொந்தரவு தாங்காமத்தான் வந்தாரு. படகு அனுமான் காட் படித்துறையத் தாண்டறப்ப படகுக்காரன் "தமிழ் கவி, தமிழ் கவி"ன்னு கை காட்டினான், பாரதியார் அத்த வீட்ல தங்கியிருந்தது அங்கதான். 1898ல பதினாறு வயசுப் பையனாப் போனவரு நாலு வருசம் கழிச்சு திரும்பறப்ப மீசையும் தலப்பாகையுமா வந்தாரு. நம்ம செவுத்துல மாட்டியிருக்கற பாரதி காசில செஞ்ச பாரதிதான். நான் இத சொன்னதும் அப்பா விடுவாரா? "அது அவருக்கு, நம்மூர்க்காரருக்கு என்ன ஆச்சு தெரியுமாடா?"ன்னாரு. 1904ல ஈரோட்ல இருந்து பெரியாரு, அப்பாகூட கோச்சுக்கிட்டு, காசிக்குத்தான் வந்தாரு. கைக்காசு தீந்து, பசியோட சத்திரத்து வாசல்ல நின்னா பிராமணங்களுக்கு மட்டும்தான் சோறுன்னு உள்ள விடல. தெருவுல போட்ட எச்சி எலைல மிச்சமிருந்தத எடுத்துத் தின்னாரு. அந்தப் பசிய அவரு கடேசி வரைக்கும் மறக்கல. ஒரே ஊரு, ஆறேழு வருச வித்தியாசம், ரெண்டு தமிழ்நாட்டுக்காரங்க, ரெண்டு பேரும் வேற வேற ஆளா திரும்பி வந்திருக்காங்க. எங்கப்பா அந்த சந்து பூரா "எந்த சத்திரம்டா அது?"ன்னு தேடிட்டேதான் நடந்தாரு. கோயில் கோபுரத்த அவரு நிமுந்துகூட பாக்கல, ஆனா டூர்லயே ரொம்ப சந்தோசமா இருந்த ஆளு அவருதான்னு நெனைக்கறேன்.

அதுக்கு மறுநாளு கயா. இங்கதான் முக்கியமான விசயம்.

கயால பல்குனி ஆறு. சீதை சாபம் குடுத்ததால மேல தண்ணி ஓடாது, மணலத் தோண்டினா ஊறும்னு சொல்லுவாங்க. இப்ப 2022ல ஒரு ரப்பர் டேமு கட்டி தண்ணி நிக்க வெச்சிருக்காங்க. டேமத் தாண்டி வறண்ட பக்கத்தப் பாத்துட்டு அமுச்சி "இதுக்கா இத்தன தூரம் வந்தோம், நம்ம நொய்யலாட்டத்தான் இருக்குது"ன்னுச்சு. அங்க விஷ்ணுபாதம் கோயில கட்டினது அகல்யாபாய்ங்கற ராணி, காசி விசுவநாதர் கோயிலயும் 1780ல அவங்கதான் கட்டினாங்கன்னு தமிழ் பேசற சாஸ்திரி ஒருத்தரு சொன்னாரு. அமுச்சிக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு, இன்னிக்கும் சந்தைல பாக்கற பொம்பளைங்ககிட்டயெல்லாம் "ரெண்டு கோயிலும் ஒரு பொம்பள கட்டினது, தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டுட்டு இருக்குது.

பிண்டம் வெச்சு முடிச்சுட்டு அட்சய வடம்னு ஒரு ஆலமரம், அதுக்கடில ஒரு பழம், ஒரு காயி, ஒரு எலை, நமக்குப் புடிச்சத விட்டுட்டு வரோணும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. எங்கப்பா, அவருக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்லீல்ல, ஆனா அவங்கம்மா சாகறப்ப கயால பிண்டம் வையிடான்னு கேட்டிருக்காங்க, அதுக்காக ஒக்காந்தாரு. காயி எதுங்கன்னு சாஸ்திரி கேட்டதும் சட்டுனு "பாவக்கா"ன்னாரு. அவருக்கு பாவக்கா ஆகவே ஆகாது. கூட்டமே சிரிச்சுது. அம்மா சீத்தாப்பழத்த விட்டாங்க, அமுச்சி மாம்பழத்த விட்டுச்சு.

இந்தப் பொங்கல் நோம்பி முடிஞ்சு அப்பாவுக்கு செக்கப் பண்ணினா சுகர் 280. டாக்டரம்மா மாத்திர எழுதிக் குடுத்துட்டு "பாவக்கா நெறைய சேத்துக்குங்க"ன்னாங்க. நான் அந்த ரூம்லயே சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா "விட்டது விட்டதுதான், ஆக்க மாட்டேன்"ங்கறாங்க, சாமியே இல்லைங்கற மனுசன் "அதெல்லாம் சும்மா புள்ள, ஆக்கு"ங்கறாரு, ஆனா அம்மா ஆக்கி வெச்சா எலைல தள்ளி வெச்சுட்டு எந்திரிக்கறாரு. "அம்மாவுக்காக சொன்னது"ன்னு ஒரு நாளு மொனகினாரு. ஒம்போது மாசமா எங்க வீட்ல பாவக்கா வந்தாலே கயா வந்துருது.

அமுச்சியோடது இன்னும் மோசம். நம்ம ஊர்ல மே மாசம் மாம்பழம் இல்லாம எப்படிங்க இருக்கறது? சேலத்துல இருந்து மாமா ஒரு பொட்டி மல்கோவா அனுப்பிச்சிருந்தாரு. அமுச்சி திண்ணைல கால நீட்டி ஒக்காந்து, அருவாமணைய முன்னாடி போட்டு, என் பசங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பசங்களுக்கும் ஒண்ணொண்ணா அரிஞ்சு குடுத்துச்சு. ரெண்டு கன்னத்தையும் அரிஞ்சு, கொட்டைய சின்னவனுக்குக் குடுத்து, தோலுல ஒட்டியிருக்கறத வழிச்சு அடுத்தவன் வாய்ல ஊட்டி, ஒரு துண்டு அது வாய்க்குப் போகல. எல்லாம் முடிஞ்சு பசங்க ஓடினதும் அந்தச் சாறு வழியற வெரல மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்து பாத்துச்சு. "ஏன் அமுச்சி, ஒரு துண்டு தின்னா சாமி கோவிச்சுக்குமா?"ன்னேன். "சாமி இல்ல கண்ணு, அந்த மரத்துக்கிட்ட சொல்லிட்டு வந்துட்டனே"ன்னுச்சு. அப்புறம் கை கழுவப் போயிருச்சு.

நெதர்லாந்துல 2010ல ஒரு ஆய்வு வந்துச்சுங்க, 1,530 பேர கேட்டாங்க, அதுல 974 பேரு லீவுக்கு எங்கியாச்சும் போயிட்டு வந்தவங்க. போறதுக்கு முன்னாடி அவங்க மத்தவங்கள விட சந்தோசமா இருந்திருக்காங்க, ஆனா திரும்பி வந்ததுக்கப்புறம் பெரும்பாலானவங்களுக்கு எந்த வித்தியாசமும் இல்ல, ரொம்ப நிம்மதியா போயிட்டு வந்தோம்னு சொன்னவங்களுக்குத்தான் கொஞ்ச நாளு அது தங்கியிருக்குது. திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்பின மொத நாளே இது நெசம்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு, பையர் மெயிலு எழுவது நிக்குது, மத்தியானத்துக்குள்ள காசி காணாமப் போச்சு. ஆனா அந்த ஆய்வுல சந்தோசத்த மட்டும்தான அளந்தாங்க. வெரல மோந்து பாக்கறத எதுல அளக்கறது?

இப்ப அந்த "ராமேஸ்வரம் உட்பட". மொறைப்படி ராமேஸ்வரத்துல மண்ணெடுத்துட்டுப் போயி பிரயாக்ல திரிவேணில கரைக்கோணும், அங்கிருந்து கங்கத் தண்ணி கொண்டாந்து ராமநாதருக்கு அபிஷேகம் பண்ணோணும், அப்பத்தான் யாத்திரை முழுசு. டூர்காரரு என்ன பண்ணினாருன்னா, ரயில்லயே ஆளுக்கொரு பாக்கெட்டு மண்ணு குடுத்துட்டாரு, ராமேஸ்வரத்து மண்ணுங்கன்னு. அமுச்சி அத உள்ளங்கைல கொட்டி தேச்சுப் பாத்துட்டு சத்தமா "இது நம்ம காவேரி மண்ணாட்டல்ல இருக்குது, கடல் மண்ணு இப்படியா இருக்கும்?"ன்னுச்சு. பெட்டியே அமைதியாயிருச்சு. திரும்பி வந்ததும் கேட்டா, ராமேஸ்வரம் தனி ட்ரிப்புங்க, டிசம்பர்ல, ஆளுக்கு 3,500 எக்ஸ்ட்ராங்கறாரு. நோட்டீசுல "உட்பட"க்குப் பக்கத்துல எறும்பு சைசுல ஒரு நட்சத்திரக் குறி இருந்திருக்குது. நான் சண்ட போட்டேன். பிரயோஜனமில்ல.

அமுச்சி விடல. கங்கத் தண்ணி இருந்த, சீல் வெச்ச செப்புச் சொம்ப பூஜை அலமாரில வெச்சுட்டு தெனமும் "இது இங்க இருக்கற தண்ணி இல்ல"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு. ஜூன்ல நாங்களே காரெடுத்துட்டுப் போனோம். பாம்பன் ரோட்டுப் பாலத்துல நிறுத்தி கீழ பாத்தா 1914ல கட்டின பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலமும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. 22 தீர்த்தத்துலயும் அமுச்சி குளிச்சுச்சு, காசில மூணு மாடி ஏற முடியாத மனுசி! மொத வேலையா அக்னி தீர்த்தக் கரைல குனிஞ்சு ஒரு புடி மண்ண எடுத்து எங்கிட்ட காட்டுச்சு, "பாத்தியா, நான் சொன்னன்ல." ஏழு மாசமா அந்தப் பாக்கெட்டு மண்ணு அதும் மனசுலயே இருந்திருக்குது.

ரெண்டு சொம்பு வாங்கியிருந்தோம். இன்னொண்ணு வீட்ல இருக்குது. எங்க தெருவுல ஒரு பெரியவருக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தப்ப ராத்திரி பதினொரு மணிக்கு அவங்க வீட்ல இருந்து வந்து கேட்டாங்க. அமுச்சிக்கு அவங்களோட ரொம்ப நாளா பேச்சு வார்த்த இல்ல, ஏதோ வேலித் தகராறு. என்னைய சீலப் பிரிக்கச் சொல்லி ஒரு டம்ளர்ல ஊத்தி, தானே எடுத்துட்டுப் போச்சு.

மார்ச்சு மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பேத்திகளயெல்லாம் வரச் சொல்லி, அட்டாலில இருந்த பித்தளச் சாமானத்த எறக்கச் சொல்லுச்சு. அண்டா, குத்துவெளக்கு, பால் சொம்பு, யாரும் தொடவே விடாம பூட்டி வெச்சிருந்ததுங்க. புளி போட்டு வெளக்கி, முத்தத்துல வரிசையா வெச்சு, எதெது யாருக்குன்னு சொல்லிக் குடுத்துச்சு. எங்கம்மா அழுவுது, "ஏம்மா இப்ப?"ன்னு. "அங்க ஒருத்தன் எரியறப்ப பக்கத்துலயே ஒருத்தன் பல்லு வெளக்கிட்டு இருந்தானே, பாத்தல்ல? அவ்வளவுதான் புள்ள"ன்னு சொல்லிட்டு அடுத்த சொம்ப எடுத்துச்சு. அந்த படகுக்கு நான் 640ல இருவது போட்டோ எடுத்திருக்கேன்.

சோகமா நெனச்சுக்காதீங்க, ஆள் முன்னவிட ஜோராத்தான் இருக்குது. காசில ஆட்டோக்காரங்க சொல்றத கேட்டுக் கேட்டு, கொரங்காட்டுல, அதான் மேச்சக் காட்டுல, ஆட்டுக்குட்டிங்கள "சலோ சலோ"ன்னுதான் ஓட்டுது. குட்டிங்களும் போகுதுங்க.

கடேசி நாள் சாப்பாட்டப் பத்தி ஒண்ணு. திரும்பி எறங்கறதுக்கு முன்னாடி ஒரு மண்டபத்துல நிறுத்தி ஒப்புட்டு, அரிசிம்பருப்பு, நெய்யி, வாழப்பழம்னு ஜமாய்ச்சுட்டாங்க. பாதி பேருக்கு கோவம் அங்கயே போச்சு. கானமன்னு 2002ல நோபல் வாங்கின ஒருத்தரு, ஒரு அனுபவத்த நாம நெனச்சுப் பாக்கறப்ப உச்சத்துல இருந்ததும் கடேசில இருந்ததும்தான் எச்சா கணக்குல வரும், எத்தன நேரம் கஷ்டப்பட்டோம்ங்கறது அவ்வளவா வராதுன்னு காட்டினாரு. நம்ம டூர்காரரு நோபல் வாங்காமயே இத புரிஞ்சு வெச்சிருக்காரு. ஸ்லீப்பர்ல வந்தவங்க கூட ஒப்புட்டத் தின்னுட்டு கை குடுத்துட்டுத்தான் போனாங்க.

புக் பண்றவங்க லாட்ஜுல லிப்ட் இருக்குதான்னு கேளுங்க, டிக்கெட்ட ரெண்டு ரெண்டு பேரா போடச் சொல்லுங்க, சாரநாத் எந்தக் கெழமைன்னு கேளுங்க, "உட்பட"ன்னு இருந்தா பக்கத்துல கண்ணாடியப் போட்டுப் பாருங்க. கயால எந்தக் காய விடறதுன்னு வீட்லயே யோசிச்சுட்டுப் போங்க, சுகர் டெஸ்டும் எடுத்துட்டுப் போங்க.

இத டைப் பண்ணிட்டு இருக்கறப்பவே அமுச்சி பக்கத்துல வந்து ஒக்காந்து "என்ன கண்ணு இத்தன நேரமா?"ன்னு கேட்டுச்சு. காசி டூருக்கு மார்க் போடறேன் அமுச்சின்னேன். எத்தன போட்டேன்னுச்சு. அஞ்சுக்கு ரெண்டுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அந்த ரசம் வெச்ச பையனுக்கு தனியா ஒண்ணு போடு"ன்னுச்சு.

மூணு ஸ்டார்.